மனு வராத தெரு

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்குக் கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து வாசலில் நிற்பார்கள். டெல்டாவில் ஒரு ஊர், ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் ஊர். அது போதும்.

பெயர்தான் ஜெராக்ஸ் கடை. சோறு போடுவது மனு எழுதும் வேலை. முதலில் தட்டச்சு இயந்திரம், அப்புறம் கம்ப்யூட்டர். 'அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம்' வரைக்கும் எல்லா மனுவும் ஒன்றுதான். அதற்குக் கீழேதான் ஊர் இருக்கிறது. எந்த மாதம் என்ன மனு வரும் என்று காலண்டர் பார்க்காமலே சொல்வேன். சித்திரை, வைகாசியில் குடிநீர். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிறப்புச் சான்றிதழ். பிள்ளைக்குப் பெயர் வைத்து ஆறு வருடம் ஆகியிருக்கும், பதிவேட்டில் மட்டும் 'ஆண் குழந்தை' என்றே கிடக்கும். ஐப்பசியில் தேங்கிய மழைத்தண்ணீர். நாய்க்கடி வருடம் முழுக்க.

போன வாரம் ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பத்து மூன்று வயது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் பக்கத்து வார்டில் நிற்கலாம் என்று ஒரு யோசனையாம். கட்சி சீட்டு கொடுத்தால் கட்சி, இல்லையென்றால் சுயேச்சை. "அண்ணே, இத்தனை வருஷமா இந்த வாசல்ல ஒக்காந்திருக்கீங்க. செயிச்சா மொதல்ல வார்டுக்கு என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றான். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். உயர்கோபுர மின்விளக்கு, நுழைவு வளைவு, பூங்காவில் உடற்பயிற்சிக் கருவி, சிசிடிவி.

"மனு வராத தெரு எதுன்னு கண்டுபிடி, அங்கேருந்து ஆரம்பி" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கிண்டல் இல்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்தால் சரி.

கடையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, வார்டு, தெரு, விஷயம், வாங்கிய காசு. கணக்குக்காக ஆரம்பித்த பழக்கம். மழைக்காலத்தில் ஆள் வராத ஒரு மதியம், எங்கள் வார்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட மனுக்கள் இரண்டே இடத்திலிருந்து வந்திருந்தன. ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கும் தெரு. இன்னொன்று, வயலை அழித்துப் போட்ட புது நகர். அங்கே நலச்சங்கம் இருக்கிறது, சங்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. வார்டின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி ஒரு தெரு. பூக்கட்டுகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், நகராட்சியிலேயே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் சில குடும்பங்கள். அங்கிருந்து அந்த வருடம் ஒரு மனுகூட இல்லை. முந்தின வருடத்தைப் புரட்டினேன். அதிலும் இல்லை.

குறையில்லாத தெருவா அது? அந்தத் தெருவின் குழாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாய் தரைக்கு மேலே இருக்காது. மூன்றடிக்குக் குழி வெட்டி, அதற்குள் பைப்பைத் திருப்பி வைத்திருப்பார்கள். குடத்தைக் குழிக்குள் இறக்கி, தானும் பாதி இறங்கி நின்றுதான் பிடிக்க வேண்டும். தரைமட்டத்துக்கு ஏறிவர அழுத்தம் இல்லாத தண்ணீர், மூன்றடி கீழே போனால் நூலாகவாவது வரும் என்பது கணக்கு. பொறியியல் படித்தவர்கள் சொல்லிக்கொடுத்ததல்ல, அந்தப் பெண்களே கண்டுபிடித்தது.

அந்தக் குழியில்தான் வம்பும் இருக்கிறது. மழை பெய்தால் அது நிறையும். சாக்கடை பொங்கினாலும் நிறையும். எங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் ஒரு மணி நேரம். வால்வை மூடியதும் பைப்புக்குள் தண்ணீர் வடிந்து வெற்றிடமாகும். மேட்டுத் தெருவில் யாராவது மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். குழியில் நிற்கும் அழுக்குத் தண்ணீர் குழாய் வாய் வழியாகவே உள்ளே போகும். மறுமுறை திறக்கும்போது முதல் நாலு குடம் அதுதான். தொட்டியில் குளோரின் போட்டார்களா என்று கேட்டால் போட்டோம் என்பார்கள். போட்டிருப்பார்கள்தான். ஆனால் கடைசிக் குழாயில் வரும் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். தொட்டிக்குக் கீழே நின்று சோதித்தால் எல்லா ஊரிலும் மஞ்சள்தான். கடைசித் தெருவில் சோதிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் மனு ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு நானாக விடை கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து பூக்கட்டும் ஒரு அம்மா, பையனுடைய டிசியை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். நோட்டுப் பார்த்த புதிது. "ஏம்மா, ஒங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதா?" என்றேன்.

"எங்கண்ணே வருது."

"ஒரு மனு குடுக்கலாம்ல?"

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஆபீசு பத்து மணிக்குத் தொறக்குது. நான் அஞ்சு மணிக்குப் பூ வாங்கப் போவணும். மனு எழுத ஒங்களுக்கு நாப்பது ரூவா, அன்னைய கூலி போச்சு. அப்பறம் அவங்க வாங்கி வச்சுக்கிட்டு நாளைக்கு வான்னா இன்னொரு கூலி. தண்ணிய வெலைக்கு வாங்கினாக்கூட இதவிடக் கம்மிதாண்ணே."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மனு எழுதுகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். மனுக்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு வார்டின் குறையை அளக்க முடியாது. நேரமும் நாற்பது ரூபாயும் உள்ளவர்கள் யார் என்றுதான் அதில் தெரியும். கவுன்சிலர்கள் எல்லோரும் அறிந்தோ அறியாமலோ இந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு யார் வருகிறார்களோ, வாட்ஸ்அப்பில் யார் போட்டோ போடுகிறார்களோ, அவர்களுடைய தெருவில் பேவர் பிளாக் விழுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே வார்த்தை போதும்: கடைமடை. தலைமடைக்காரன் வயல் நிறைந்து வழியும். கடைமடையில் நாற்று காயும். இரண்டும் ஒரே ஆற்றுப் பாசனம்தான். வார்டும் அப்படித்தான்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருடம் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான் ஓட்டுப்போட்டோம். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். அந்த இடைவெளியில்தான் கஜா புயல் வந்தது, 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பக்கத்தில் தென்னை ஒன்றுவிடாமல் சாய்ந்தது. அந்த நாட்களில் இரவு பகலாக மனு எழுதினேன், ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து. யாருக்கு என்று எழுதுவது என்பதே பெரிய குழப்பம். பதவி போய் இரண்டு வருடமான பழைய கவுன்சிலர் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரம் அறுக்கும் மெஷினோடு தெருத்தெருவாகப் போனார். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறாள், எந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், எந்தச் சுவர் விழக் காத்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். தனி அலுவலர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு அதெல்லாம் தெரிய வழியில்லை. அந்த ஒரு வாரத்தில்தான் கவுன்சிலர் எதற்கு என்று எனக்கே விளங்கியது.

2022-ல் செயித்த அம்மா, பதவியேற்ற முதல் வருடம் கடைப்பக்கம் வரவில்லை. வீட்டுக்காரர்தான் வருவார். லெட்டர் பேடை அவர்தான் கொண்டுவருவார், கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கும். ஊரும் அவரைத்தான் 'கவுன்சிலர்' என்று கூப்பிட்டது. பதவியேற்ற அடுத்த மாதமே சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், பெரிய வீட்டுக்கு 100 சதவீதம் வரைக்கும். திட்டு முழுக்க அந்த அம்மாவுக்கு. அவருக்கும் அந்த அறிவிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். நிர்வாக அதிகாரம் என்று கையில் ஒன்றும் கிடையாது. வேலை செய்ய உத்தரவு போடுவது ஆணையர், எஸ்டிமேட் போடுவது பொறியாளர். கவுன்சிலரிடம் இருப்பது மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமையும், இரண்டு காலும்தான். பேசுவதைப் பலர் செய்கிறார்கள். வெளிநடப்பும் செய்கிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. காலைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

ஒருநாள் அந்தக் கவுன்சிலர் அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். நான் நோட்டைக் காட்டினேன். பூக்கட்டுகிற அம்மா சொன்னதையும் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, தண்ணி எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார். அடுத்த முறை தண்ணீர் விடும் நாள், காலை ஐந்தரைக்கு, வால்வு திறக்கும் ஆளோடு அவரும் நடந்தார். நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

அன்றைக்குப் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் திறந்து முப்பத்தைந்து நிமிடம் வரைக்கும் கடைசித் தெருவுக்கு ஒரு சொட்டு வரவில்லை. வரும் வழியில் புது நகரில் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும் சத்தம், தேனடை மாதிரி. வால்வு திறப்பவரிடம் கேட்டால், "நான் என்னம்மா செய்யிறது, அந்த லைனை மட்டும் அடைக்க வால்வு இல்லியே" என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நகராட்சியில் அதே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், "யாரு சொன்னா இல்லேன்னு?" என்றார். எழுந்து வந்து, முச்சந்தியில் காலால் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். பேவர் பிளாக். நாலு வருடம் முன்னால் போட்ட தெரு. போட்டபோது வால்வுத் தொட்டிக்கு மேலேயே கல்லை அடுக்கிவிட்டார்கள். அந்தத் தெருமுனையில் திறப்புவிழாக் கல்வெட்டு இன்னும் பளபளப்பாக இருக்கிறது. வால்வு மட்டும் பூமிக்குள்.

பதினொரு கல்லைப் பெயர்த்தார்கள். வால்வு இருந்தது. துருப்பிடித்திருந்தது, திருகவில்லை. உதிரி மாற்றி, எண்ணெய் விட்டு, இரண்டு நாளில் சரிசெய்தார்கள். அன்றிலிருந்து முதல் அரைமணி நேரம் புது நகர் லைனை அடைத்து, கடைசித் தெருவுக்கு மட்டும் விடுகிறார்கள். அப்புறம் எல்லோருக்கும். புதுப் பைப் போடவில்லை, டெண்டர் இல்லை, திறந்துவைக்க ஒன்றும் இல்லை. குழிகளை மண் போட்டு மூடிக் குழாயை மேலே தூக்க மட்டும் இன்னொரு மாதம் ஆனது. அந்தப் பெண்கள் முதலில் நம்பவில்லை. 'எத்தனை நாளைக்கு இது' என்று ஒரு வீட்டில் குழியை மூடாமலே பலகை போட்டு வைத்திருந்தார்கள்.

இது இனிப்பாகவே முடியவில்லை. புது நகர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்போடு மனு வந்தது. நான்தான் அடித்துக் கொடுத்தேன். தொழில் அது. 'எங்கள் பகுதிக்கு வழங்கப்பட்டு வந்த குடிநீர் அளவு திட்டமிட்டுக் குறைக்கப்பட்டுள்ளது' என்று. கவுன்சிலர் அம்மாவின் கொழுந்தனார் வீடும் அந்த நகரில்தான், அங்கேயும் மோட்டார் உண்டு. வீட்டுக்குள் சண்டை நடந்ததாகக் கேள்வி. கடைசித் தெருவில் ஓட்டு குறைவு, புது நகரில் அதிகம். அடுத்த தேர்தலில் அவருக்கு இதனால் லாபமா நட்டமா என்று கேட்டால் நட்டம் என்றுதான் நான் சொல்வேன். சீட்டு கேட்கிற பையனுக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

மேடையில் உள்ளாட்சி என்றதும் எல்லோரும் உத்திரமேரூர்க் குடவோலையை இழுப்பார்கள். பராந்தக சோழன் காலம், முப்பது குடும்பு, அதாவது அந்தக் கால வார்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள் என்று. எனக்கு அதில் இரண்டு விஷயம் பிடிக்கும், ஒன்று பிடிக்காது. ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம், இன்றைய கணக்கில் ஒரு குழு, வைத்தார்கள் பாருங்கள், அது பிடிக்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் சொந்தக்காரர்களும் மறுபடி நிற்கவே முடியாது என்றார்கள், அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் கால்வேலி வரிகட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பெயரைக் குடத்தில் போடவே முடியும். எங்கள் வாய்க்கால் தெருவில் ஒருவர் பெயர்கூட அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆயிரத்து நூறு வருடம் கழித்து இன்றைக்கு அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. ஓட்டுப்போட்ட பிறகு யார் கண்ணிலாவது படுகிறார்களா என்பதுதான் கேள்வி.

பையனுடைய பட்டியலில் இருந்த மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு வேண்டும்தான், ஆனால் உயர்கோபுரம் வேண்டாம். எரியாத தெருவிளக்குகளை எண்ணிப் போடச் சொன்னால் போதும். வளைவு யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. சாலை போட்டால், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்ல வேண்டும். அப்படித்தான் போடவேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளரிடமிருந்து அறிவுறுத்தல் வந்தது. மேலே மேலே போட்டுப் போட்டு, எங்கள் தெருவில் நான் வாசற்படி இறங்கித்தான் என் வீட்டுக்குள் போகிறேன். என் தாத்தா படியேறிப் போன வீடு அது.

வடிகால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் தூர் வாருகிறார்கள். வாரிய சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்கிறார்கள். 'காய்ந்ததும் அள்ளுவோம்' என்பார்கள். காய்வதற்குள் ஐப்பசி வந்து, முதல் மழையே சேறு முழுவதையும் திரும்ப உள்ளே தள்ளிவிடும். பில் மட்டும் வெளியே நிற்கும். கவுன்சிலர் ஒருவர் தூர் வாருகிற அன்றைக்கு வந்து போட்டோ எடுப்பதற்குப் பதிலாக, அதற்கு நாலாம் நாள் வந்து சேறு போய்விட்டதா என்று பார்த்தால், எங்கள் ஊரில் அந்த வருடம் முட்டிக்கால் தண்ணீர் கணுக்காலாகும். இதைப் பல வருடமாகச் சொல்கிறேன். மனுவாகவே எழுதியிருக்கிறேன், என் பெயரில், என் காசில். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறேன்.

போன மாதம் பூக்கட்டுகிற அந்த அம்மா மறுபடி வந்தார். கூட இன்னும் இரண்டு பெண்கள். மனு எழுத வேண்டுமாம். நோட்டைத் திறந்து அந்தத் தெருவின் பெயரை முதல்முறையாக எழுதினேன். என்ன விஷயம் என்றேன்.

"கவுன்சிலர் வீட்டுக்காரர் காரைக் கொண்டாந்து எங்க தெருக்குழாய்க்கிட்டயே நிறுத்துறாருண்ணே. கொடம் வைக்க எடமில்ல. கேட்டா நான்தான் தண்ணி வரவச்சேங்கிறாரு."

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு என்று அடித்தேன். பொருள்: தெருக்குழாய் அருகில் வாகனம் நிறுத்துவதைத் தடுக்கக் கோருதல். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கைநாட்டு.

"நாப்பது ரூவாயா? முப்பது வச்சுக்கங்கண்ணே, மூணு பேரு வந்திருக்கோம்ல" என்றார் அந்த அம்மா. முப்பத்தைந்தில் முடிந்தது.